என் மகளிடம் போர் பாயிண்ட் கேட்க வேண்டாம்

மரியாதைக்குரிய மச்சான் மகுடேஸ்வரன் அவர்களுக்கு,

திருப்பூர் மண்ணரையிலிருந்து சாமியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை கோமளாவும் சாயப்பட்டறை பாய்லரும் சுகம். மூலனூரில் நீங்களும் முருங்கை மரங்களும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. போனில் என்னைப் பேச விடமாட்டீர்கள் என்பதால் எழுதி, கம்பெனி வேனில் கொடுத்தனுப்புகிறேன்.

சென்னையில் மகள் தேஜஸ்ரீ பார்க்கும் வேலையை இன்னொரு முறை சொல்கிறேன், கோபிக்காமல் கேளுங்கள். பூமிக்கு வெகு ஆழத்தில் பாறை கொதிக்கிறதாம். அதன் விரிசல்களில் தண்ணீரை விட்டுச் சூடாக்கி மேலே எடுத்தால் கரண்ட் தயாரிக்கலாமாம். தோண்டுவதற்கு முன்பே எந்த விரிசல் எப்படித் திறக்கும் என்று கம்ப்யூட்டருக்குள் ஒரு பாறையை உண்டாக்கி, அதை உடைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. இதைத்தான் நான் ஒரு கல்யாணப் பந்தியில், "எம்பொண்ணுக்குப் பூமிக்கடியில இருக்கற வெடிப்பெல்லாம் அத்துப்படிங்க" என்று பெருமையாகச் சொன்னேன். பாயசம் வருவதற்குள் நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். பொங்கலுக்கு வந்த பிள்ளையை உங்கள் முருங்கைக் காட்டுக்குக் கூட்டிப்போய், நீரோட்டம் பார்க்கச் சொல்லி உள்ளங்கையில் தேங்காயை வைத்தீர்கள். "இது நிசப் பாறை இல்லீங்க மாமா, கம்ப்யூட்டர்ல உண்டாக்குனதுங்க" என்று அவள் சொன்னதற்கு, "அப்ப நம்ம காட்டையும் அதுலயே உண்டாக்கிரு கண்ணு" என்றீர்கள். அவள் செருப்பு வாரைச் சரிசெய்ய ஓரிடத்தில் நின்றாள், அவ்வளவுதான். அந்த இடத்தில் சுண்ணாம்பு வட்டம் போட்டு, அடுத்த வாரமே போர்க்கிணறு தோண்டும் வண்டியை இறக்கினீர்கள். புழுதிதான் வந்தது. "படிச்ச புள்ள பார்த்த பாயிண்ட்டே ஃபெயிலாம்" என்று சொந்தக்காரர்கள் பேசியது சென்னை வரை போய், பிள்ளை போனில் அழுதாள். எனக்கு மனசே ஆறவில்லை மச்சான். அதன்பிறகு அவள் ஊர்ப்பக்கமே வரவில்லை.

இப்போது கோமளா கெஞ்சியதால், மாரியம்மன் நோம்பிக்கு வரப் பிள்ளை சம்மதித்திருக்கிறாள். யாராவது போர் என்று வாயெடுத்தால் அடுத்த ரயிலிலேயே திரும்பிவிடுவாளாம். நீங்களோ நேற்று, "புது வண்டி சொல்லியிருக்கறனுங்க, புள்ள சும்மா வந்து நின்னுட்டுப் போனாப் போதுங்க" என்கிறீர்கள். அவள் நிற்கவும் வேண்டாம், நடக்கவும் வேண்டாம். நான்கு நாள் அம்மா கையால் சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போகட்டும். உங்கள் காட்டில் தண்ணீர் பொங்கட்டும், முருங்கை முறிய முறியக் காய்க்கட்டும்.

இப்படிக்கு,
சாமியப்பன்

பின்குறிப்பு: தேஜஸ்ரீ வந்துவிட்டாள். நான் போர் என்று சொல்லவே இல்லை, சத்தியமாக. பாய்லருக்கு விறகு கட்டுப்படியாகாத கவலையில், "கண்ணு, நம்ம பட்டறைக்கு அடியில சூடு எத்தனையாவது அடியில இருக்கும்?" என்றுதான் கேட்டேன். அவள் இன்னும் பையைக்கூடக் கீழே வைத்திருக்கவில்லை. "மாமன் ஊட்டுக்கே போறனுங்கப்பா, அவரு தேங்காயாவது குடுத்துட்டுக் கேட்டாரு" என்று வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், கூடவே தூக்குப்போசியில் கோமளா செய்த சந்தகை. வீட்டிலிருக்கும் தேங்காய்களையெல்லாம் உடனே ஒளித்து வையுங்கள். நாளைக்கு நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். அப்பன் இனிமேல் சூடு பற்றிக் கேட்கமாட்டான் என்று நீங்களே பக்குவமாகச் சொல்லிவையுங்கள்.