கழுத்து டியூட்டி

சுங்கைப்பட்டாணியில் வேகமாக ஓட்டிப் பயமுறுத்தும் டிரைவர்கள் எத்தனையோ பேர். மெதுவாக ஓட்டியே எங்கள் உயிரை வாங்கியவர் 'திரும்பாத அண்ணன்' என்று நாங்கள் பேர் வைத்த ஒருவர்தான்.

அந்த ஊரின் பாக்கார் ஆராங்கிலிருந்து கூலிம் தொழிற்சாலைக்கு எங்களை ஏற்றிப் போகும் வேன் அவருடையது. கழுத்து பிடித்துக்கொண்டதில் தலை எந்தப் பக்கமும் திரும்பாது. யாராவது கூப்பிட்டால் இடுப்பிலிருந்து முழு ஆளும் திரும்புவார், அலமாரியை நகர்த்துவதுபோல. அதனால் எங்களுக்குக் கழுத்து டியூட்டி போட்டிருந்தார். சிம்பாங் வந்து சாலை பிரிந்தால் இடது பக்கம் பரிமளா அக்கா பார்க்க வேண்டும், வலது பக்கம் நான்.

"வலது எப்படிம்மா?"

"ஒரு மோட்டார் வருதுண்ணே."

"போயிருச்சா?"

"போயிருச்சுண்ணே. இன்னொண்ணு வருது."

தொழிற்சாலை போய்ச் சேர்வதற்குள் ஏர்கோனிலும் எனக்கு வியர்த்துவிடும். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் வலது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பரிமளா அக்கா டியூட்டியில் தூங்கிவிட்டார். செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று வேனின் இடது பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. தூங்கிய அக்காவுக்குத்தான் முதலில் கோபம் வந்தது.

"கிளினிக் போறீங்களா, இல்ல நாங்க வேற வேன் பாக்கவாண்ணே?"

"போனா ஓட்டாதேன்னு சொல்லிருவாங்க லா. அடுத்த மாசம் லைசன்சுக்கு மெடிக்கல் வேற இருக்கு. வேனை விட்டா எனக்கு வேற என்னம்மா தெரியும்?"

அவர் குரல் நடுங்கியது. ஆனாலும் நாங்கள் விடவில்லை.

ஒருவழியாகப் போனார். தோள்பட்டை எலும்பு இரண்டையும் பின்னால் இழுத்து, நடுவில் ஒரு பென்சிலைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னாராம் அங்கே பயிற்சி கொடுத்த பெண். நினைப்பதோடு நிற்பாரா நம் ஆள்? மறுநாள் நிஜப் பென்சிலையே சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டார். கூலிம் வரைக்கும் அது விழவில்லை. "பாத்தீங்களா, புடிச்சுக்கிட்டே வந்துட்டேன்" என்று பெருமையாக எழுந்தார். முதுகு சீட்டை விட்டு விலகியதும் பென்சில் தரையில் கிடந்தது.

அதன்பிறகு வேன் கிளம்புவதற்கு முன் தினமும் பயிற்சிதான். பின்னால் இழுக்கச் சொன்னால் அவர் தோளைக் காதுவரைக்கும் தூக்குவார்.

"காதுக்குத் தோடா மாட்டப் போறீங்க? கீழ இறக்கிட்டு இழுங்கண்ணே" என்று பரிமளா அக்கா பின் சீட்டிலிருந்து அவர் தோளை அழுத்துவார். மூச்சை அடக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு மெல்ல விட வேண்டும். அவர் ஒழுங்காகத்தான் மூச்சு விட்டார், அடக்கிக்கொண்டிருந்தது நாங்கள்தான். தலை நூலளவு நூலளவாக அசையத் தொடங்கியது. ஆனால் மெடிக்கல் தேதி அதைவிட வேகமாக வந்துவிட்டது.

அன்றைக்கு எல்லாரும் லீவு போட்டுவிட்டு கிளினிக் வாசலில், வேனுக்குள்ளேயே காத்திருந்தோம். பரிமளா அக்கா வேண்டாத சாமி இல்லை. அவர் வெளியே வந்தார். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏறி உட்கார்ந்து, தலையை மட்டும் மெல்லத் திருப்பி எங்களைப் பார்த்தார்.

"ஓட்டலாமாம்."

அக்கா அழுதுவிட்டார். டாக்டர் கூடாது என்று சொல்லியிருந்தால் யாரோ ஒரு நல்ல கழுத்துக்காரர் ஓட்டும் வேனில், எந்தக் கவலையும் இல்லாமல் வேலைக்குப் போயிருக்கலாம். அந்த நிம்மதி எனக்கு வேண்டவே வேண்டாம்.