காணாமல் போன இருபத்தாறு டிகிரி

குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்று நாற்பதுக்கு, மேற்படி அலுவலகத்துக்குச் சொந்தமான கணினியின் கிராபிக்ஸ் கார்டு தொண்ணூற்று நாலு டிகிரி வெப்பத்தை எட்டியது. குடிநீர் அலுவலகத்துக்கு கிராபிக்ஸ் கார்டு எதற்கு என்று கேட்பவர்கள் அந்த ஆண்டின் சுற்றறிக்கையைப் படிக்காதவர்கள். ஊழியர்களிடம் நவீன மனப்பான்மை வளரவேண்டும், அதற்காக ஒவ்வொரு துறையும் வீடியோ கேம் போட்டிக்கு ஒரு வீரரை அனுப்பவேண்டும் என்று மேலிடம் பணித்திருந்தது. போன வருடம் நவீன மனப்பான்மை சைக்கிளில் வந்தது. அதற்கு முந்தின வருடம் காய்கறிச் சாறாக வந்தது.

கண்காணிப்பாளர்தான் வீரர். வயது ஐம்பத்தாறு. நிஜத்தில் ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் திரையில் கார் பந்தயம் என்றால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். வேறு யாரும் பெயர் கொடுக்காததால் அனுப்பப்பட்டவர், எட்டுத் துறைகளைத் தோற்கடித்து இறுதிச் சுற்றுக்கு வந்து நின்றார். வெள்ளிக்கிழமை போட்டி; அவரவர் அலுவலகத்திலிருந்தே இணையம் வழியாக ஆடவேண்டும். செவ்வாய்க்கிழமை பயிற்சியில் மூன்றாவது சுற்று வரும்போது கார் மாட்டுவண்டியாகி, பிறகு படமாகவே நின்றுவிட்டது.

டெக்னீஷியன் அக்காவைக் கூப்பிட்டார்கள். அந்த அலுவலகத்தின் கணினிகளை ஆண்டு ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்பவள். ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது.

கணினி ஒரு மர அலமாரிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அரசுச் சொத்து அல்லவா? திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. கணினிப் பெட்டியின் முன்பக்கம் முழுக்க ஒரே கண்ணாடி. அதற்குப் பின்னால் மூன்று ஃபேன்கள் சிவப்பு, நீலம், பச்சை என்று மின்னிக்கொண்டு, இழுக்கக் காற்றில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. பின்பக்க ஃபேனையோ திருப்பி மாட்டியிருந்தார்கள். சூட்டை வெளியே தள்ளவேண்டியது, அதையே உள்ளே ஊதிக்கொண்டிருந்தது.

"அரைமணி வேலை சார்," என்றாள். "இந்தக் கண்ணாடியைக் கழட்டிடலாம். பின்னாடி ஃபேனைத் திருப்பி மாட்டிடலாம். பெட்டியை அலமாரியை விட்டு வெளியே வைக்கலாம். முன்னாடி காத்து வரணும், பின்னாடி போகணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றார் பண்டகசாலை அதிகாரி, திடுக்கிட்டு. "ஏம்மா, கண்ணாடியோடதான் வாங்கினோம். கண்ணாடியில்லாம இருந்தா ஆடிட்ல சொத்துச் சேதம்னு எழுதுவாங்க. அதோட இயக்குநருக்கு அந்த லைட்டு ரொம்பப் பிடிக்கும். வர்றவங்க எல்லாம் அதுக்கு முன்னாடிதானே நின்னு படம் எடுத்துக்கிறாங்க!"

"லைட்டு எரியும் சார். கார்டும் சேர்ந்து எரியுது."

விஷயம் இயக்குநரிடம் போயிற்று. அவர் தாமதமின்றி ஒரு குழு அமைத்தார். காற்றோட்டக் குழு புதன்கிழமை முழுவதும் கூடியது. உள்ளே வரும் எதுவும் தபால் வரவுப் பிரிவின் பொறுப்பு, வெளியே போகும் எதுவும் அனுப்புகைப் பிரிவின் பொறுப்பு என்பது அலுவலக நடைமுறை. எனவே முன்பக்க ஃபேன்கள் மூன்றும் வரவுப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டன. பின்பக்க ஃபேனுக்கு வந்தபோதுதான் சிக்கல். அனுப்புகைப் பிரிவில் ஏழு மாதமாக ஆள் இல்லை.

"ஆள் போடுற வரைக்கும் காத்து வெளியே போக வழியில்லையே," என்றார் வரவுப் பிரிவுக்காரர்.

"அப்ப என்ன செய்யறது?" என்று கேட்டாள் அக்கா.

"நிலுவையில வச்சுக்கலாம்."

வெளியேறவேண்டிய காற்று மறு உத்தரவு வரும்வரை பெட்டிக்குள்ளேயே நிலுவையில் வைக்கப்படும் என்று முடிவாயிற்று. இருப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு, தொண்ணூற்று நாலு டிகிரி என்று பண்டகசாலை அதிகாரி பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். திரையில் எண்பதுக்குமேல் காட்டாதபடி செய்யமுடியுமா என்று ஒருவர் விசாரித்தார். முடியாது என்று அக்கா சொன்னதை, ஒத்துழைப்பின்மை என்று குறித்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை மாலை கண்காணிப்பாளர் கணினி முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். கார் வழக்கம்போல மூன்றாவது சுற்றில் நின்றிருந்தது.

"முப்பத்தோரு வருஷம் சர்வீஸ்ம்மா," என்றார் திரையைப் பார்த்தபடியே. "போன வாரம் ஜெயிச்சப்பதான் இந்த ஆபீஸ்ல எனக்கு முதல்முதலா கை தட்டினாங்க. வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். அவ நம்பல."

அக்கா அலமாரிக் கதவைத் திறந்தாள். பிறகு பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

"சார், நீங்க கதவுகிட்ட நின்னு வெளியே பாருங்க. நான் தூசி தட்டப்போறேன்."

இருபது நிமிடம் தூசி தட்டினாள். கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்தாள். பின்பக்க ஃபேனைத் திருப்பினாள். வழியை அடைத்துக் கிடந்த வயர்களை ஓரமாகக் கட்டினாள். பெட்டியை வெளியே மேசையில் வைத்தாள். பெட்டியின் முதுகு, பொதுமக்கள் வரிசையில் நிற்கும் கவுண்டர் ஜன்னலைப் பார்த்து அமைந்தது. அந்த அறையில் திறந்திருந்த ஒரே வழி அதுதான். அரைமணி ஆடிப் பார்த்தார் கண்காணிப்பாளர். அறுபத்தெட்டு டிகிரிக்குமேல் போகவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் ஜெயித்தார். கடைசி வளைவில் வருமான வரித் துறையை உரசிக்கொண்டு முந்தியபோது அலுவலகமே எழுந்து நின்றது. இரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லவந்து காலையிலிருந்து கவுண்டரில் நின்றவர்களும், தலையை உள்ளே நீட்டி, முகத்தில் அடித்த அனலைத் துடைத்துக்கொண்டு கை தட்டினார்கள். கண்காணிப்பாளர் எழுந்து, யாரைப் பார்த்து என்று தெரியாமல், நாலு பக்கமும் கும்பிட்டார். வெற்றிக்குக் காரணம் காற்றோட்டக் குழு என்று இயக்குநர் அறிவித்தார்.

திங்கட்கிழமை அக்காவின் கைக்குக் குறிப்பாணை வந்தது.

"பதிவேட்டின்படி இருப்பு தொண்ணூற்று நாலு," என்றார் பண்டகசாலை அதிகாரி. "இன்னிக்கு நான் நேர்ல பார்த்தேன். அறுபத்தெட்டுதான் இருக்கு. மிச்சம் இருபத்தாறு டிகிரி எங்கம்மா?"

"சார், அது சூடு. குறைஞ்சிருச்சு."

"எப்படிக் குறையும்? அனுப்புகைப் பிரிவுலதான் ஆளே இல்லையே! மூணு நாளைக்குள்ள விளக்கம் குடு. இல்லன்னா ஒப்பந்தத்தை மறந்துடு."

அவள் நேரே கண்காணிப்பாளரிடம் போனாள். அவர் குறிப்பாணையை இரண்டு தரம் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க போச்சுன்னு கேட்டா, குறைஞ்சுபோச்சுன்னு சொல்லக்கூடாதும்மா. போன இடத்தைச் சொல்லணும். எங்க போச்சு?"

"கவுண்டர் ஜன்னல் வழியா ஜனங்க மேல."

"அதைத்தான் எழுதணும்."

அவரே எழுதிக்கொடுத்தார். மேற்படி இருபத்தாறு டிகிரி வெப்பம் கவுண்டர் வழியாகப் பொதுமக்களுக்கு முறைப்படி விநியோகிக்கப்பட்டது. பெற்றுக்கொண்டவர்களின் கையொப்பம் இணைக்கப்பட்டுள்ளது.

கையொப்பத்துக்கு எங்கே போவது என்று கவலைப்பட்டபடியே காகிதத்தோடு கவுண்டருக்கு வந்தாள். எப்படிக் கேட்பது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் முன்னால் நின்ற பெரியவர், "எங்க போடணும்?" என்றார். அவர் போட்டதும் பின்னால் நின்றவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். ஆளுக்கு ஒரு டிகிரி வீதம் இருபத்தாறு கையெழுத்தும் பத்து நிமிடத்தில் விழுந்தன. யாரும் மேலே எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

மறுநாள் காலை அலுவலகம் திறக்குமுன் வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது.

"நேத்து இருபத்தாறு பேருக்குக் குடுத்தாங்களாமே! எங்க தெருவுக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று கத்தினாள் ஒருத்தி.

"என்னக்கா குடுத்தாங்க?" என்று பக்கத்தில் நின்றவன் கேட்டான்.

"எதுவா இருந்தா உனக்கென்ன? அவங்களுக்கு மட்டும் குடுத்தாங்கல்ல?"

தண்ணீரைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அக்காவின் விளக்கம் கையில் இருக்க, இயக்குநர் மாடியிலிருந்து கூட்டத்தைப் பார்த்து மனம் நெகிழ்ந்தார். இப்படியொரு வரவேற்பு துறைக்கு இதற்குமுன் கிடைத்ததில்லை. விநியோகத்தைத் தடையின்றித் தொடர உடனே ஆணையிட்டார். உற்பத்தி போதாது என்பதால் கண்ணாடியைத் திரும்ப மாட்டவேண்டும், தேவைப்பட்டால் இன்னொரு கண்ணாடியும் சேர்க்கலாம். வெப்ப விநியோக ஆலோசகர் என்ற புதிய பதவியில் டெக்னீஷியன் அக்காவுக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம்.

அவள் ஆணையை வாசித்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூன்று ஆண்டு என்ற இடத்தை இன்னொரு தரம் வாசித்தாள். பிறகு குனிந்து, கண்ணாடியை மாட்டி, ஸ்க்ரூவை முறுக்க ஆரம்பித்தாள்.

கவுண்டர் ஜன்னலுக்குள் ஒரு தலை நீண்டது.

"மேடம், எங்க வீட்டுல ஆறு பேரு. வீட்டுக்கு ஒரு டிகிரிதான்னு சொல்றாங்களே, இது நியாயமா?"

அக்கா தலை நிமிராமலே சொன்னாள்:

"வரிசையில வாங்க."