உன் அம்மாவைப் பின்தொடர்ந்த ஆள்

அன்பு மகள் சிசுயோவுக்கு, அபுரத்சுவிலிருந்து அப்பா மொரிசுகு எழுதுவது. ஹகாத்தாவில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வெயில் சுகமாக இருக்கிறது. மற்றவற்றைக் கீழே எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

அம்மாவை வெளியே எங்கும் கூட்டிப்போகாதீர்கள் என்று போனில் மூன்று தடவை சொன்னாய். நானும் மூன்று தடவை சரி என்றேன். நேற்று கூட்டிப்போனேன். ஊதோ குகைக் கோயிலுக்குத்தான். கல்யாணமான மறுநாள் நாங்கள் போன இடமாயிற்றே, அங்கே போனாலாவது என்னை அடையாளம் தெரியாதா என்று ஒரு நப்பாசை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள், கோயில் படிக்கட்டில் கையைப் பிடித்தால் உதறினாள், விட்டால் தடுமாறினாள், ஆகவே நான் இரண்டு படி பின்னால் கோழி பிடிக்கிறவன் மாதிரி கைகளை விரித்துக்கொண்டே இறங்கினேன், பாறைக்குழியில் எறிந்து வேண்டிக்கொள்கிற களிமண் உருண்டைகள் ஐந்து வாங்கிக் கொடுத்தால் நான்கைக் கடலில் போட்டுவிட்டு ஐந்தாவதை வாயில் போட்டுக்கொண்டாள், பிடுங்கப் போனேன், கத்திவிட்டாள்.

"யாருன்னே தெரியல, இந்தக் கெழவரு பஸ்ஸுலேர்ந்து என் பின்னாடியே வர்றாரு!"

காவலாளி ஓடிவந்தார், நரைத்த மனிதர்.

"நான் இவங்க வீட்டுக்காரருங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அவங்க பொறந்தநாள சொல்லுங்க பாப்போம்."

"மே... இல்லல்ல, ஜூன்ல..."

"தெரியலையா? அப்ப புருஷன்தான்," என்று விட்டுவிட்டார்.

பெஞ்சில் உட்காரவைத்து, வாய் கொப்பளிக்கச் செய்து, மிட்டாய் கொடுத்தேன். கொஞ்சம் இளகினாள்.

"தப்பா நெனைக்காதீங்க, நான் கல்யாணமானவ. சீக்கிரம் வீட்டுக்குப் போகணும், அவரு சாப்பிடாம உக்காந்திருப்பாரு."

"எப்படிப்பட்டவரு?"

"வாயத் தொறந்தா குறைதான். சூப்புல உப்பு பத்தலேம்பாரு, போட்டா ஜாஸ்திம்பாரு."

"இந்தக் குகையிலேர்ந்துதானே கதையில வர்ற கடலரசன் பொண்ணு புருஷன விட்டுட்டுக் கடலுக்கே போனா. நீங்களும் போயிருக்கலாமே?"

"போயிருக்கலாம். அவரு காலுறை எங்க இருக்குன்னு பாத்து யாரு எடுத்துக் குடுப்பா?"

சிசுயோ, கண்ணில் வெயில்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு கிண்ணம் சோறு வைத்தாள். ஒன்று அவளுக்கு, ஒன்று அவருக்கு. அவரைத் தேடி அறை அறையாகப் போனாள். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

நீ சொன்னதுதான் சரி. முதியோர் இல்லத்துப் படிவத்தில் இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து அவளைக் கொண்டுபோய் விடு. நாற்பத்தொன்பது வருஷம் புருஷனாக இருந்துவிட்டேன். யாரோ ஒருவனாக இருக்க எனக்குத் தெம்பில்லை.

நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நெடுநாள் வாழ ஊதோ தெய்வங்கள் அருளட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது உன் அம்மா வந்து, "பஸ்ஸுல வந்தவரு நீங்கதானே? ஞாயித்துக்கெழம திரும்பப் போலாமா? என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். படிவத்தைக் கிழித்தாயிற்று. நீயும் அவரிடம் சொல்லிவிடாதே.