தொக்கி நிற்கும் வாய்ப்பு

மெய்ப்புத் திருத்துபவர் முதல் ஆட்டத்திலேயே ஜெயித்துவிட்டார். அன்று அதைவிடப் பெரிய துரதிர்ஷ்டம் அவருக்கு நேர்ந்திருக்க முடியாது.

அச்சகத்தின் பைண்டிங் அறையில் சனிக்கிழமை மாலைதோறும் அவரும் பைண்டரம்மாவும் அச்சு மெஷின்காரருமாக மூவர் போக்கர் சீட்டு ஆடுவார்கள். பணயம், பேப்பர் கிளிப்புகள். முடிவில் தோற்ற இருவரும் பின்புறக் குழாயடியில் டீ டம்ளர்களைக் கழுவ வேண்டும். ஜெயித்தவர் நாற்காலியில் சாய்ந்திருக்கலாம். மெய்ப்புத் திருத்துபவர் வாராவாரம் சாய்ந்திருந்தார். குழாயடியில் பைண்டரம்மா சிரிப்பது அங்கிருந்து நன்றாகக் கேட்கும். சிரிக்க வைப்பவர் மெஷின்காரர் என்பதும் கேட்கும்.

ஆட்டம் ஒரு பிழையில் தொடங்கியது. சீட்டாட்டக் கையேடு ஒன்றின் மொழிபெயர்ப்பு அச்சுக்கு வந்தபோது, ‘பாட் ஆட்ஸ்’ என்ற ஓர் அத்தியாயத்தின் தலைப்பு ‘பானை முரண்கள்’ என்று பெயர்க்கப்பட்டிருந்தது. புரியாததைத் திருத்த மனம் ஒப்பாமல் அவர் பைண்டிங் அறைக்கு வந்து விசாரித்தார்.

“பானையெல்லாம் இல்ல சார். நடுவுல குவிச்சு வெச்சிருக்கறதுதான்,” என்றார் பைண்டரம்மா. “இதுல இருபது கிளிப் கிடக்கு. ஆட்டத்துல நீடிக்க நீங்க அஞ்சு போடணும். ஒண்ணுக்கு நாலு. வேண்டிய சீட்டு நாலு தடவை வராம ஒரு தடவை வந்தாலும் கணக்கு நேராயிடும். அதைவிட அரிதா வரும்னா சீட்டைக் கவுத்துட்டு விலகிடணும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்னா எல்லாரும் ஜெயிச்சுடுவாங்களே! அந்தச் சீட்டு வந்தப்புறம் எதிராளி இன்னும் எவ்வளவு போடுவான்? அதையும் சேர்த்துப் பாக்கணும். இப்பக் கண்ணுக்குத் தெரியாது. ஆனா இருக்கு.”

அவர் முகம் மலர்ந்தது. வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்து நின்றே பொருள் தருவதில்லையா? முதலாவதற்குக் ‘குவியல் வாய்ப்பு’ என்றும், இரண்டாவதற்குத் ‘தொக்கி நிற்கும் வாய்ப்பு’ என்றும் பெயரிட்டார். கையேடு வெளிவந்தது. ஆட்டம் நிற்கவில்லை.

அச்சகமே பைண்டரம்மாவை ‘அக்கா’ என்று அழைத்தது. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் மெய்ப்புத் திருத்துபவரின் நா வளையவில்லை. வேறு விளியும் அகப்படாததால், விளியோ எழுவாயோ வேண்டாத வாக்கியங்களிலேயே காலம் தள்ளினார்: “சாப்பிட்டாச்சா?” “கிளம்பியாச்சா?”

வரும் திங்கட்கிழமை முதல் பைண்டரம்மாவுக்கு ஆற்றுக்கு அக்கரையிலுள்ள புதிய கிளையில் வேலை. இது கடைசிச் சனிக்கிழமை. குழாயடியில் நின்று எழுவாயோடு கூடிய ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முதலில் தோற்றாக வேண்டும்.

அடுத்த ஆட்டத்தில் அவருக்குக் கையிலிருந்த இரண்டும் மேசையில் விரித்த பொதுச் சீட்டுகளுமாக நான்கு ஆர்ட்டின் சேர்ந்திருந்தது. ஐந்தாவது வந்தால் வெற்றி. ஆனால் அது வருவது குவியல் தரும் விகிதத்தைவிடச் சற்று அரிது. கவிழ்ப்பதே முறை. ஆகவே போட்டார்.

ஆர்ட்டின் வந்தது.

“உங்க காட்டுல மழைதான் சார்!” என்று மெஷின்காரர் சீட்டுகளைப் பொறுக்கிக் கலைத்தார். பொறுக்குவதும் கலைப்பதும் எப்போதும் அவர்தான்.

அடுத்து வந்தவை ஓர் இரண்டும் ஓர் ஏழும். கையில் வாங்குவதற்கு அதைவிட மட்டமான இரண்டு சீட்டுகள் கட்டிலேயே இல்லை. மெய்ப்புத் திருத்துபவர் பூரித்துப்போய், இருந்த கிளிப்புகள் அனைத்தையும் நடுவே தள்ளினார்.

“யம்மாடி!” மெஷின்காரர் பின்வாங்கினார். “ஒரு ‘ப்’ போடவே அரை நாள் யோசிக்கிற ஆளு. சும்மா தள்ளுவாரா? நான் வரல.”

பைண்டரம்மா தம் சீட்டுகளைப் பார்த்தார். மெய்ப்புத் திருத்துபவரைப் பார்த்தார். பெருமூச்சுடன் கவிழ்த்தார்.

ஆயுள் முழுதும் சேர்த்த நற்பெயர் இப்படிக் காலை வாரும் என்று அவர் எண்ணியதில்லை. உண்மையைச் சொல்வது ஒன்றே எஞ்சியிருந்தது.

“இந்தத் தடவை என்கிட்ட ஒண்ணுமே இல்ல.”

“பாத்தீங்களா அக்கா, வலை விரிக்கறாரு! இந்த வித்தை அந்தப் புஸ்தகத்துலயே இருக்கு. அதைத் திருத்தினதே இவருதானே!”

மீண்டும் இருவரும் கவிழ்த்தார்கள். சிறிது நேரத்தில் மேசையிலிருந்த கிளிப்புகள் எல்லாம் அவர் முன்னால் கிடந்தன.

“இன்னிக்கு ஒரு நாள் நான் கழுவறேனே,” என்றார் அவர்.

“ஜெயிச்சவரு கை நனையலாமா? விதின்னா விதிதான் சார்,” என்றார் மெஷின்காரர்.

பைண்டரம்மா டம்ளர்களை அடுக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

“கிளம்பியாச்சா?” என்றார் மெய்ப்புத் திருத்துபவர்.

“இன்னும் இல்ல.”

இன்னும் ஏதோ வரும் என்பதுபோல் பைண்டரம்மா சற்று நின்றார். வரவில்லை. போய்விட்டார்.

மெய்ப்புத் திருத்துபவர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அன்று சிரிப்பு கேட்கவில்லை. தண்ணீர் விழும் ஓசை மட்டும் கேட்டது. கிளிப்புகளை ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாக்கினார். அதைக் கழற்றினார். மறுபடியும் கோத்தார்.

மெஷின்காரர் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்தபடி தனியாகத் திரும்பி வந்து, அவர் காதருகே குனிந்தார்.

“கவுத்த சீட்டைப் பொறுக்கறவன் நான், இனிமே சொல்லாம இருக்க முடியாது சார்: நீங்க என்னிக்காவது தோத்துக் குழாயடிக்கு வருவீங்கன்னு ஜெயிக்கற ராஜா ஜோடியைக்கூடக் கவுத்துட்டுத்தான் அக்கா வாராவாரம் அங்க வந்து நிக்கறாங்க, ஒரு டம்ளரை வேணும்னே கழுவாம வெச்சிருக்கேன், எழுந்து போங்க!”