மூன்றாவது நாற்காலியில் என் கணவர்

படிக்காதவரை ஏமாற்ற ஒருவன் நேரில் வந்து நாள்கணக்கில் பேசியாக வேண்டும். படித்தவருக்கு அச்சடித்த தாள் ஒன்று போதும். மீதி வேலையை அவரே செய்துகொள்வார். ஐம்பதுகளின் இறுதியில், தென்காசியில் எங்கள் குடும்பத்துக்காக அந்த மீதி வேலையைச் செய்தவள் நான்.

அப்போது எனக்குத் திருமணமாகி ஓராண்டு. என் கணவர் ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கு எழுதிவந்தார். ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுவார் (கூட்டலில் அது தெரியும்). குற்றாலத்தில் விமானம் ஓட்டக் கற்றுத் தருகிறார்கள் என்று ஆங்கில விளக்கத்தாள் ஒன்றை அவர் கொண்டுவந்தார். நான் அதை மாமனாருக்குத் தமிழில் சொன்னேன். கட்டணம் முழுவதும் முன்பணம், இரண்டு தவணை. கட்டிய பணம் எக்காரணத்தாலும் திரும்பாது. மழையால் பறக்க முடியாத நாளுக்கும் கட்டணம் உண்டு. உரிமம் கிடைக்காவிட்டால் பள்ளி பொறுப்பல்ல.

"என்னம்மா, எல்லாம் அவனுக்கே சாதகமா இருக்கு?" என்றார் மாமா.

"ஏமாத்துதவன் இதையெல்லாம் எழுதிக் காட்டுவானா மாமா? நேர்மையான ஆளுதான் மறைக்காமச் சொல்லுவான்."

அந்த வாதத்தை நினைத்தால் இன்றும் என் காது சுடுகிறது. முதல் தவணைக்கு என் வளையல்கள் போயின. இரண்டாவதற்கு எங்களிடம் மிஞ்சியிருந்தது, சிற்றாற்றுப் பாசனத்தில் எங்களுக்குச் சோறு போட்ட ஒரே வயல். அதை அடமானம் வைக்கலாம் என்று சொன்னவளும் நான்தான்.

சீசன் முடிந்து ஆள் நடமாட்டமற்ற தெருவில், வாடகைக்கு எடுத்த ஒரு பங்களாவில் பள்ளி நடந்தது. மாணவர்கள் அங்கேயே தங்க வேண்டும். ஐப்பசியில், அவர் சேர்ந்து இரண்டு வாரம் கழித்து, முறுக்குச் சட்டியோடு பார்க்கப் போனேன். மலையிலிருந்து மேகம் தோட்டத்துக்குள் இறங்கியிருந்தது. புல்தரையில் மூன்று வரிசையாகப் பிரம்பு நாற்காலிகள். அவற்றில் போர்வை போர்த்திய ஒன்பது ஆண்கள், கையில் ஆளுக்கொரு மூங்கில் கழியுடன், கண்களை மூடி அமர்ந்திருந்தார்கள். எங்கிருந்தோ ஒரு மணி ஒலித்தது. ஒன்பது பேரும் ஒன்றாக இடப்பக்கம் சாய்ந்தார்கள். மறுபடியும் மணி, ஒன்றாக நிமிர்ந்தார்கள். அருவியின் இரைச்சல் மட்டும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. முன்வரிசையில் மூன்றாவதாக என் கணவர். நான் கூப்பிட்டது அவருக்கு எட்டவில்லை. மூடிய அந்த முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்குமுன் கண்டதில்லை. எனக்கு ஏனோ பயமாக இருந்தது.

பயிற்சி தருபவரை எல்லோரும் கேப்டன் என்றார்கள். நாற்காலியில் பறக்கப் பழகிய பிறகுதான் விமானமாம். விமானம் எங்கே என்று அவரிடம் நான் கேட்டிருக்கலாம். சமையலுக்குத் தேங்காயெண்ணெயா, நல்லெண்ணெயா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

இரண்டாம் தவணைக்குக் குறித்த நாள் அஷ்டமி. அன்று பணம் கைமாறக் கூடாது என்று மாமா மறுத்துவிட்டார். காலம் எங்கேயோ போய்விட்டது என்று அவருக்கு நீண்ட சொற்பொழிவாற்றினேன். மறுநாள் காலையில், அடமானப் பணத்தை மடியில் முடிந்துகொண்டு அவரும் நானும் குதிரை வண்டியில் போனோம்.

அன்று மேகம் இன்னும் அடர்த்தி. பங்களாவின் கேட்டில் நின்றபோது, நாற்காலிகளில் குறுகி அமர்ந்த உருவங்கள் நிழல்போலத் தெரிந்தன.

"வகுப்பு நடக்குது மாமா. சத்தம் காட்டாதிய."

அவருக்கு இருமல் வந்தது. துண்டை வாயில் பொத்திக்கொள்ளச் சொன்னேன்.

"நம்ம பய எங்கன இருக்கான்?"

"முன்வரிசையில மூணாவது. தோளச் சாச்சு இருக்காவல்லா, அவுகதான். அந்தத் தோளு எனக்குத் தெரியாதா?"

மாமா உற்றுப் பார்த்தார். "ரொம்ப மெலிஞ்சிட்டானே."

"படிப்புல கவனம்."

"பக்கத்துல இருக்கவன் தலையில என்னத்தையோ எடுக்கான்."

"ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையா இருக்காவ மாமா."

அரை மணி நேரம் நின்றோம். மணி ஒலிக்கவே இல்லை. மாமா மடியை அவிழ்த்துப் பணத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். அப்போது மூன்றாவது நாற்காலியில் இருந்த உருவம் மெல்லத் தலையைத் திருப்பியது. மேகம் விலகியது. அது என்னையே வெகுநேரம் பார்த்தது (என் கணவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை). பிறகு வாலைத் தூக்கி, ஒரே தாவலில் கூரைமேல் ஏறியது. மற்றவையும் சத்தமின்றிப் பின்தொடர்ந்தன. நாற்காலிகள் மட்டும் ஆடி நின்றன.

உள்ளே கதவுகள் திறந்து கிடந்தன. மேசைமேல் அந்த மணி. சுவரோரம் ஒன்பது படுக்கைச் சுருட்டுகள். மனிதர் ஒருவரும் இல்லை. நிறையப் படித்தவள்தான் நான். ஆனாலும் அந்த ஒரு நிமிடம், கேப்டன் ஒன்பது பேரையும் குரங்காக்கிவிட்டான் என்றே நம்பினேன். வெளியே ஓடிவந்து, கூரையைப் பார்த்து, "என்னங்க" என்று கூப்பிட்டேன்.

"யாரத் தேடுதிய?" என்றார் பின்னாலிருந்து வந்த தோட்டக்காரர். "விமானம் கூட்ஸ் வண்டியில துண்டு துண்டா வருதாம். எறக்கணும்னு எல்லாரையும் வெள்ளன செங்கோட்டைக்கு அனுப்பிட்டாரு கேப்டன். அந்தால அவரும் பெட்டியத் தூக்கிக்கிட்டு வேற பக்கமாப் போயிட்டாரு. நேத்துதான் மத்தவுக எல்லாம் ரெண்டாந் தவணை கட்டுனாவ அண்ணாச்சி."

மாமா பணத்தைத் திரும்ப மடியில் முடிந்தார். "அஷ்டமி" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். என் சொற்பொழிவுக்கு வந்த பதில் அவ்வளவுதான்.

செங்கோட்டை ஸ்டேஷனில் ஒன்பது பேரும் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். என் கணவரிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவர் முதலில் என் வெறுங்கையைத்தான் பார்த்தார். "சாப்புட்டியாலே?" என்று மட்டும் கேட்டார் மாமா. வயல் தப்பியது. வளையல்களுக்கு ஈடாக, அந்த மூன்றாவது நாற்காலியை மாமா வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அதன்பின் நான் ஒரு வரனையோ சீட்டுக் கம்பெனியையோ நல்லதென்று சொன்னால், வீட்டில் யாராவது கேட்பார்கள்: "தோளப் பாத்துச் சொல்லுதியா, மூஞ்சியப் பாத்துச் சொல்லுதியா?" மாமா தொடங்கினார், இப்போது பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள்.

என் கணவர் கடைசிவரை ஜவுளிக் கடைக் கணக்குத்தான் எழுதினார். சாரல் நாட்களில் அந்த நாற்காலியில் கண்ணை மூடி அமர்ந்து, சற்றே இடப்பக்கம் சாய்வார். நாங்கள் யாரும் சத்தம் போடமாட்டோம். அவர் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. சாரல் இறங்கும் மாலையில், அதில் யாரோ தோளைச் சாய்த்து அமர்ந்திருப்பதுபோல் இன்னும் சில சமயம் எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் கிட்டப் போய்ப் பார்க்காமல் யாரென்று சொல்வதில்லை. சில நாட்களில் கிட்டப் போவதும் இல்லை.