வலப்பக்கத்து மூடி

தன் வேனின் கூரையில் ஓட்டை போடுவதே இல்லை என்று ஆர்விட் கல்லியோ சபதம் எடுத்தான். ஏரிக்கரை ஊரான டுலூத்தில் ஆண்கள் சபதம் எடுக்கும் இடம் கார் கொட்டகை. அங்கேதான் எடுத்தான். ஒரு கையில் காபிக் கோப்பை, மறு கையில் திருப்புளி. நெஞ்சில் கை வைக்க முடியவில்லையே தவிர, சபதத்தில் வேறு குறை சொல்வதற்கில்லை.

"எடுத்தாச்சா?" என்றாள் அவன் மனைவி ஐலி. "இப்பத் தொட்டிக்குள்ள இருக்கற காத்து எந்த வழியா வெளிய போகும்னு சொல்லு."

ஆர்விட் போன வசந்தம் வரை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவன். இருபத்தாறு வருஷம் ஊராரிடம், உங்களுக்கு இது தெரியவில்லை, அது மங்கலாகத்தான் தெரிகிறது என்று சொல்லிச் சொல்லியே, தனக்கு எல்லாம் தெரியும் என்ற முடிவுக்கு வந்திருந்தான். கடையை விற்றதும் ஒரு பழைய சரக்கு வேனை வாங்கி, அதற்குள் கட்டில், அடுப்பு, அலமாரி, சிங்க் என்று ஒவ்வொன்றாகத் தானே பொருத்தி, ஊர் சுற்றும் வீடாக மாற்றிக்கொண்டிருந்தான். சிங்க்கில் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு குழாய் வழியாக இறங்கி, வேனின் அடிவயிற்றில் தொங்கும் தொட்டியில் சேரும். நிறைந்ததும் அதற்கென்று இருக்கிற இடத்தில் போய்த் திறந்துவிடலாம். தொட்டி இருந்தது. குழாய் இருந்தது. தொட்டி மூச்சு விடத்தான் வழி இல்லை.

"காத்து எதுக்குப் போகணும்? அது பாட்டுக்கு உள்ளயே இருக்கட்டும்."

"தண்ணி உள்ள வந்தா காத்து வெளிய போயாகணும் ஆர்விட். ஒரே சீட்ல ரெண்டு பேர் ஒக்கார முடியாது."

"கொஞ்சம் நகந்து ஒக்காந்தா முடியும்."

"நம்ம வீட்டுக் கூரையில ஒரு குழாய் நிக்குதே, அது எதுக்கு? வீடு சுருட்டுப் பிடிக்கவா?"

"அது வீடு. இது வேன்."

இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. காரணம், இது வாதமே இல்லை. அது வேற இது வேற என்று சொல்லிவிட்டுத் திருப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டால் விவாதத்தில் ஜெயித்ததாக அர்த்தம் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்களோ! கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு டுவேன்கூட, "அதானே" என்று தலையாட்டினான். டுவேன் தினமும் காபிக்கு வருவான். யார் கடைசியாகப் பேசினாலும் "அதானே" என்பான்.

முதல் சோதனையில் சிங்க்கில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் இறங்க யோசித்தது. "குளுக்" என்றது. ஒரு மடக்கு இறங்கி, ஒரு ஏப்பம் விட்டு, மறுபடி யோசித்தது.

"மெதுவாப் போனா என்ன? விடுமுறைக்குத்தானே போறோம்," என்றான் ஆர்விட்.

இரண்டாவது சோதனைக்கு, காற்று போக என்று ஒரு வால்வு வாங்கி வந்தான். கட்டைவிரல் பெரிசு. சிங்க்குக்கு அடியிலேயே பொருத்திவிடலாம், கூரைப்பக்கம் போகவே வேண்டாம். டுவேனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஐலியையும் கூப்பிட்டு, ஒரு பானை காபித் தண்ணீரை ஒரே மூச்சில் சிங்க்கில் கவிழ்த்தான். கவிழ்த்துவிட்டு, சத்தம் வருகிறதா என்று குனிந்து காதை வேறு வைத்தான்.

தொட்டிக்குள் மாட்டிக்கொண்ட காற்று, வந்த வழியாகவே வெளியே வந்தது. காபித்தூளோடு வந்தது. ஆர்விட்டின் காது, கன்னம், தாடி எல்லாம் ஒரே நிறம்.

ஐலி வால்வு வந்த அட்டையை எடுத்துப் பார்த்தாள். "காத்தை உள்ள மட்டும்தான் விடும், வெளிய விடாதுன்னு போட்டிருக்கே."

"படிச்சேன்," என்றான் தாடியைத் துடைத்தபடி.

"கண்ணாடி போட்டுக்கிட்டா?"

"அதானே," என்றான் டுவேன்.

இங்கே சாவி விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஐலி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இருபத்திரண்டு வருஷமாக, ஜனவரிப் பனியில், டுலூத்தின் செங்குத்துத் தெருக்களில், ஐம்பது பிள்ளைகளின் கூச்சலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறாள். அவள் வேன் சாவியைக் கேட்டால் ஆர்விட், "இது கொஞ்சம் பெரிய வண்டி ஐலி" என்பான். பேருந்து என்ன, தீப்பெட்டியா? கேட்டால், அக்கறை என்பான். ஒரு சாவியைத் தன் கால்சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வதற்கு எத்தனை அழகான பெயர்! ஏரிக்கரைச் சாலையில் தானே ஓட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது ஐலிக்கு வேன் வாங்கிய நாளிலிருந்தே ஆசை. பயணியாகப் போவதற்கு அவள் பேருந்து ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை.

"ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாமா?" என்றாள் அன்றைக்கு. "உன் இஷ்டம்போலக் குழாய் வை. நான் வாயே திறக்க மாட்டேன். ஆனா பயணத்துல நாத்தம் அடிச்சா சாவி எனக்கு. அன்னிக்கு மட்டும் இல்ல, எப்பவும்."

"அடிக்கலைன்னா?"

"நீயே ஓட்டு. நான் சாகற வரைக்கும் பக்கத்துல ஒக்காந்து மேப் பாத்துச் சொல்றேன்."

"நாத்தமா இல்லையான்னு யாரு முடிவு பண்றது?"

"நீதான். உன் வாயால நீ நாத்தம்னு சொல்லணும். அப்பத்தான் கணக்கு."

ஆர்விட் டுவேனைப் பார்த்தான். டுவேன் ஆர்விட்டைப் பார்த்தான். இவ்வளவு சாதகமான ஒப்பந்தத்தை இருவரும் வாழ்நாளில் கண்டதில்லை. ஐலி மனம் மாறுவதற்குள் ஆர்விட் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டான்.

அடுத்த மூன்று நாள் கொட்டகையிலிருந்து வெளியே வரவில்லை. கூரைக்குப் போகாமல், தொட்டியின் தலையிலிருந்து இரண்டு குழாய்களைக் கிளப்பி, வேனின் இரண்டு பக்கமும் ஏற்றி, முன்கதவுகளின் ஜன்னலுக்குச் சற்றுக் கீழே பக்கத்துக்கு ஒன்றாகக் குழாயின் வாயைத் திறந்துவிட்டான். மூக்குக்கண்ணாடிக்காரன் அல்லவா, எதைச் செய்தாலும் ஜோடியாகத்தான் செய்வான். ஒன்று அடைத்துக்கொண்டால் இன்னொன்று உதவும். கையால் திருகும் வெள்ளை மூடி ஒன்றும் வாங்கி, வலப்பக்கத்து வாயை மூடினான். இடப்பக்கத்தைத் திறந்து வைத்தான்.

அங்கேதான் அவன் மூளை வேலை செய்தது. இடப்பக்கம் ஓட்டுபவன் பக்கம். வலப்பக்கம் ஐலி பக்கம். நாற்றம் வரப்போவதில்லை. ஒருவேளை வந்தால்? தன் பக்கம்தான் வரும். அவள் மூக்குக்கே எட்டாது. தான் வாயைத் திறந்து சொன்னால்தானே கணக்கு? ஆர்விட் அன்று விசிலடித்துக்கொண்டே சாப்பிட வந்தான்.

"ஏன் வலப்பக்கத்தை மூடியிருக்க?" என்று ஐலி கேட்டாள்.

"உனக்காகத்தான். உன் பக்கம் சுத்தமான காத்து வரட்டுமேன்னு."

"ரொம்ப நல்ல மனசு உனக்கு," என்றாள் ஐலி. அவனை ஒரு நிமிஷம் அதிகமாகவே பார்த்தாள்.

ஜூலையில் கிளம்பினார்கள். ஐலி கிளம்புமுன் வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். டயரைத் தட்டினாள், விளக்கைப் பார்த்தாள், கதவை இழுத்துப் பார்த்தாள், கையிலிருந்த சின்ன நோட்டில் பென்சிலால் குறித்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு அது காலைக்கடன் மாதிரி. சுற்றிப் பார்க்காத வண்டியில் சாவி போடமாட்டார்கள்.

"ஓட்டறது நான். நீ எதுக்குச் சுத்தற?" என்றான் ஆர்விட். "இது பஸ்ஸா? பிரதட்சணம் முடிஞ்சா ஏறு."

அன்று நாற்பது மைல் போய், வேன்கள் தங்கும் ஒரு சுற்றுலா முகாமில் இரண்டு நாள் தங்கினார்கள். ஹெர்ரிங் மீனை மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்தார்கள். காட்டரிசி சூப்பில் பால் ஏடு ஊற்றிக் குடித்தார்கள். சட்டியெல்லாம் கழுவினார்கள். தண்ணீர் சர்ரென்று இறங்கியது. ஏப்பம் இல்லை, யோசனை இல்லை.

"பாத்தியா?" என்றான் ஆர்விட்.

"பாத்தேன்," என்றாள் ஐலி.

மூன்றாம் நாள் காலை வடக்கே கிளம்பியபோது வெயில் ஏறியிருந்தது. மீன், வெண்ணெய், பால் ஏடு மூன்றும் தொட்டிக்குள் இரண்டு நாள் ஊறி ஒரு புரிந்துணர்வுக்கு வந்திருந்தன. ஏரிக்கரைச் சாலை வளைந்து வளைந்து போவது. முதல் வளைவில் தொட்டித் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்தது. இடப்பக்கத்துக் குழாய் ஆர்விட்டின் முழங்கைக்குக் கீழே "புஸ்" என்றது.

ஆர்விட்டின் புருவம் இரண்டும் தலைமுடிக்குள் போயின.

ஜன்னலை ஏற்றினான். பழைய வேன், கதவு இடுக்கு வழியாக அது உள்ளே வந்து சௌகரியமாக அமர்ந்தது. ஏசி போட முடியாது. ஏசியை அப்புறம் சரி பண்ணிக்கலாம் என்று தீர்மானித்ததும் அவனேதான். ஜன்னலை இறக்கினான். அடுத்த வளைவு. புஸ்.

"ஏன் கண்ணுல தண்ணி?" என்றாள் ஐலி. தன் பக்கத்து ஜன்னலில் கை வைத்து, தலைமுடி பறக்க உட்கார்ந்திருந்தாள்.

"ஏரி. எவ்வளவு அழகு பாத்தியா? மனசு நெகிழ்ந்துபோச்சு."

"ஏரி இந்தப் பக்கம் இருக்கு ஆர்விட்."

"எனக்குத் தெரியும். நெனச்சுப் பாத்துக்கறேன்."

"ஏதாவது வாசனை வருதா என்ன?"

"வாசனையா? பைன் மரம். பைன் மரந்தான். ஆகா."

இருபத்தேழு மைல் போனான். வாயால் மூச்சு விட்டான். அதுவும் தப்பு என்று உடனே தெரிந்தது; இப்போது ருசியும் சேர்ந்துகொண்டது. ஒரு பெண்ணிடம் ஒரே ஒரு தடவை "நீ சொன்னது சரி" என்று சொல்வதற்குப் பதில் ஒரு மனிதன் எத்தனை மைல் செத்த மீனைச் சுவாசிப்பான் என்பதற்கு அறிவியலில் இன்னும் அளவு இல்லை. ஆர்விட் விஷயத்தில் அது இருபத்தேழு. இருபத்தெட்டாவது மைலில் ஏரியைப் பார்த்த ஒரு நிறுத்தத்தில் வேனை ஓரங்கட்டினான்.

"முதுகு பிடிச்சுக்கிச்சு ஐலி. கொஞ்ச தூரம் நீ ஓட்டறியா? ஒப்பந்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது."

"கிடையவே கிடையாது," என்று ஐலி கை நீட்டினாள். சாவி கைமாறியது.

ஆர்விட் தள்ளாடி இறங்கி, வலப்பக்கம் ஏறி, கண்ணை மூடிக்கொண்டான். பைன் காற்று. நிஜமான பைன் காற்று! எவ்வளவு சுலபமாகத் தப்பித்தோம் என்று நினைத்தான். இனி ஊர் வரைக்கும் முதுகு வலியே போதும். அப்புறம் தொட்டியைக் கொட்டிவிட்டால், ஸ்டியரிங் பழையபடி தன் கையில்.

"வரமாட்டியா?" என்றான்.

"ஒரு சுத்து சுத்திட்டு வரேன். ஓட்டப்போறது நான்தானே இப்ப," என்று வெளியிலிருந்து குரல் வந்தது. டயரைத் தட்டும் சத்தம் கேட்டது. கதவை இழுக்கும் சத்தம் கேட்டது. "பிரதட்சணம்" என்று ஆர்விட் கண்ணைத் திறக்காமலே சிரித்தான்.

ஐலி ஏறி உட்கார்ந்தாள். நோட்டை முன்பலகையில் போட்டாள். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைச் சரி செய்தாள். வேன் அவள் கையில் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு சாலையில் ஏறியது.

முதல் வளைவு.

புஸ்.

ஆர்விட் நிமிர்ந்து உட்கார்ந்தான். சட்டையில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டதோ என்று காலரை முகர்ந்தான். இல்லை. இரண்டாவது வளைவு. புஸ். இந்தத் தடவை அவன் வலது முழங்கைக்குக் கீழேயிருந்து.

"ஐலி."

"ம்?"

"முதுகு சரியாப்போச்சு."

"அதுக்குள்ளயா? பத்து நிமிஷம் ஆகலையே."

"அதிசயந்தான். ஓரமா நிறுத்து, நான் ஓட்டறேன்."

"முதுகு விஷயத்துல அவசரப்படக் கூடாது ஆர்விட். நல்லா சாஞ்சுக்கோ. ஏரி வேற உன் பக்கம் வந்தாச்சு. நெனச்சுப் பாக்க வேண்டாம், நேராவே பாரு." இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் சாலையில். "ஏன், அந்தப் பக்கம் ஏதாவது தொந்தரவா? ஏதாவது வாசனை கீசனை?"

ஆர்விட் வாயைத் திறந்தான். சொன்னால் சாவி போகும், எப்போதைக்குமாக. சொல்லாவிட்டால் மூக்கு போகும். அதற்குள் இன்னொரு வளைவு வந்தது. திறந்த வாயை அவசரமாக மூடிக்கொண்டான்.

"தொந்தரவெல்லாம் இல்ல," என்றான் மூக்கால். "பைன் மரம்."

"அதானே," என்றாள் ஐலி.

முகத்துக்கு மறைப்பாக ஏதாவது வேண்டியிருந்தது. முன்பலகையில் கிடந்த நோட்டை எடுத்து விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். எழுத்து பெரிதாக இருந்ததால் கண்ணாடி இல்லாமலே அவனால் படிக்க முடிந்தது. பென்சில் எழுத்து, ஒவ்வொரு வரியாக:

டயர் நாலும் சரி. விளக்குகள் சரி. கதவுகள் சரி. காற்றுக்குழாய்: இடப்பக்கம் மூடியாகிவிட்டது, வலப்பக்கம் திறந்தாகிவிட்டது, சரி. பயணிகள்: ஒருவர். சத்தம் போடாமல் உட்கார்ந்து வருகிறார்.