மூன்று கிளாஸ் தண்ணீருக்கு ஒரு மன்னிப்பு

மரியாதைக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு (இன்னமும் அப்படித்தான் அழைப்பேன், கோபிக்க வேண்டாம்),

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் சுகம். மகள் மட்டும் சனிக்கிழமையிலிருந்து என் முகத்தில் விழிப்பதில்லை. அங்கே நீங்களும் உங்கள் பிள்ளையும் கோபம் தணிந்து சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

அன்று எங்கள் வீட்டு விருந்தில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கும்படி வீட்டில் உத்தரவு. கேட்கிறேன். ஆனால் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட வேண்டும் இல்லையா? ஒயின் கடை நடத்துகிற நீங்கள் இரண்டு ஒயின் பாட்டிலோடு ஆறு தண்ணீர் பாட்டிலும் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். "ஒயினுக்கு நடுவுல குடிக்கிற தண்ணிக்கு ருசியே இருக்கக் கூடாதுங்க. உங்க குழாய்த் தண்ணி ஒரே மருந்து வாடை" என்றீர்கள். நகரத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவன் நான். என்னைத் திட்டியிருந்தால் துடைத்துப் போட்டிருப்பேன், குழாயைச் சொன்னதும் சுருக்கென்று தைத்துவிட்டது. எங்கள் கூடத்தில் சண்டை வந்தால் ஒரே வழி, பெயரை மறைத்து ருசி பார்ப்பதுதான். விருந்தாளியிடம் அதைச் செய்யக் கூடாதென்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

சமையலறைக்குப் போய் ஒன்றாம் கிளாஸில் உங்கள் பாட்டில் தண்ணீர், இரண்டில் என் மனைவி வாங்கி வைத்த பாட்டில், மூன்றில் வாடை போகட்டுமென்று காலையிலிருந்து நான் ஜாடியில் திறந்து வைத்திருந்த குழாய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, பத்துக்கு மார்க் போடச் சொல்லிப் பென்சிலையும் நீட்டினேன். ஒன்றாவதற்கு இரண்டு மார்க். "துரு வாடை. இதான் உங்க குழாய்." இரண்டாவதற்கு ஐந்து. மூன்றாவதற்கு ஒன்பது. "இது தண்ணி. எங்க கடைச் சரக்கு." நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். என் குழாயை என் நாக்குக்குத் தெரியாதா? ஒன்றாவதுதான் உங்கள் பாட்டில், மூன்றாவது என் குழாய் என்று சத்தியம் பண்ணிச் சொன்னேன். அதோடு விடாமல் மேஜையைத் தட்டிச் சிரித்துத் தொலைத்தேன். "நாக்கை வெச்சுத்தாங்க கடை நடத்துறேன். இந்த வீட்ல பொண்ணு எடுக்கணுமான்னு யோசிக்கணும்" என்று சாப்பிடாமலே எழுந்துவிட்டீர்கள். உங்கள் பிள்ளையும் பின்னாலேயே போய்விட்டான். "அப்பா, உங்க குழாயையே கட்டிக்கிட்டு அழுங்க" என்றாள் மகள். அழுதது அவள்தான்.

நான் சிரித்தது தப்பு, பெரிய தப்பு. மார்க் தப்பில்லை. அதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை.

உங்கள் கோபம் ஆறி, கடை செழித்து, பிள்ளைகள் இருவரும் சேர்ந்து வாழ வேண்டும் என்று விரும்பும்,
பெண்ணைப் பெற்றவன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், எட்டிப் பார்த்த மனைவி குண்டைத் தூக்கிப் போட்டாள். "அந்த ஜாடித் தண்ணியா? அதுல எறும்பு மெதந்துச்சுங்க. கொட்டிட்டு, அவங்க கொண்டுவந்த பாட்டிலைத் தொறந்து ஊத்தி வெச்சேன்." ஆக, ஒன்றும் மூன்றும் உங்கள் கடைத் தண்ணீரேதான். ஒன்றுக்கு இரண்டு மார்க், இன்னொன்றுக்கு ஒன்பது போட்டது நீங்கள். அதைக் குழாய்த் தண்ணீர் என்று சத்தியம் பண்ணியது நான். உங்களுக்குக் கடை இருக்கிறது, எனக்கு முப்பத்தோரு வருஷப் பேர் இருக்கிறது. விஷயம் நம் மூன்று பேரோடு போகட்டும். மார்க் போட்ட தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கல்யாணத் தேதியை நீங்களே குறித்து எழுதுங்கள்.